டீச்சர் பிரித்துப்போட்ட பெட்டிகள்

டீச்சர் இறந்ததிலிருந்து பார்க்கிறவர்கள் எல்லோரும் அவரைத் தெய்வம் என்கிறார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. தெய்வம் என்றால் ஒரு மூலையில் சும்மா இருக்க வேண்டாமா? இந்த அம்மா ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. தானும் உட்காரவில்லை, என்னையும் உட்கார விடவில்லை. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் பேக்கிங் பிரிவுக்கு நான் சூப்பர்வைசர். ஷூவைப் பெட்டியில் போட்டு, பெட்டியை லாரியில் ஏற்றுகிறவனுக்கும் சிறப்புக் கல்விக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றும் கிடையாது. நான் உண்டு, என் லைன் உண்டு என்று இருந்தவன்.

முதல் முறை அவரைப் பார்த்தது கம்பெனி கேட்டில். செக்யூரிட்டியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும். கசங்கிய காட்டன் புடவை, பழைய ஸ்கூட்டி, அதன் முன்னால் ஒரு பெரிய பை. அவருக்குப் பின்னால் ஒரு பெண் சுவரோடு சுவராக நின்றிருந்தாள். மேனேஜரைப் பார்க்காமல் போகமாட்டேன் என்கிறாரே சார் என்று செக்யூரிட்டி என்னிடம் முறையிட்டான். அன்றைக்கென்று பார்த்து எனக்கு டீ குடிக்க வெளியே வரத் தோன்றியிருக்க வேண்டாம். வாயைக் கொடுத்தேன், மாட்டிக்கொண்டேன்.

மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்கு வீடு தேடிப் போய்ச் சொல்லிக் கொடுக்கிற அரசாங்க வேலை அவருக்கு. இருபது வருடத்துக்கு மேல் ஆகியும் தற்காலிகம்தான். பிள்ளைக்குப் பதினெட்டு வயது முடிந்தால் பேர் பட்டியலிலிருந்து போய்விடும், அதற்கு மேல் அவருக்குப் பொறுப்பில்லை. இந்தப் பெண்ணுக்கோ இருபத்திரண்டு வயது. "அப்புறம் ஏன் மேடம் அலயறீங்க?" என்று கேட்டேன். "பதினெட்டு முடிஞ்சா பட்டியல்ல இருந்து தான் சார் போவாங்க. ஊர்ல இருந்தா போய்டுவாங்க?" என்றார். நாம் பதில் சொல்ல முடிகிற மாதிரி ஒரு கேள்வியை அவர் கேட்டதே கிடையாது.

அந்தப் பெண்ணுக்குப் பேரணாம்பட்டுப் பக்கம் ஒரு கிராமம். அப்பா இல்லை. அம்மாவுக்குத் தோல் பதனிடுகிற டேனரியில் வேலை. எண்கள் தெரியும், எழுத்து தெரியாது. ஒரு கேள்வி கேட்டால் பதில் வர நேரமாகும். அம்மா வேலைக்குப் போகும்போது இவளை உள்ளே வைத்து வெளியே பூட்டிவிட்டுப் போவார். வேறென்ன செய்வார், தனியாக விட்டால் ஊர் சும்மா இருக்குமா? காலை ஏழிலிருந்து மாலை ஆறு வரை, ஜன்னல் ஒன்று இருக்கிற வீட்டில், நான்கு வருடமாக. "வேல கெடச்சா அந்தப் பூட்டு போவும் சார். கெடைக்கலன்னா அம்மா சாவற வரைக்கும் பூட்டு. அதுக்கப்புறம் இன்னான்னு நீங்களே சொல்லுங்க" என்றார் டீச்சர். என்னைக் கேட்டால்? நானா பூட்டு போட்டேன்?

மேனேஜர் நல்ல மனிதர்தான், ஆனால் கம்பெனி நடத்துகிறவர். வீட்டில் உருது பேசுகிறவர், கோபம் வந்தாலும் குரலை உயர்த்த மாட்டார். "மூணு மாசம் வெச்சுப் பாக்கலாம் மேடம். ஒரு ஆளு நாளைக்கு முந்நூறு ஜோடி பேக் பண்றாங்க. இவ இருநூறு பண்ணட்டும், பர்மனென்ட் பண்றேன். அதுக்குக் கம்மின்னா என்னால ஆவாது" என்றார். பிறகு என் பக்கம் கையைக் காட்டி, "இவரு பாத்துப்பாரு" என்று முடித்துவிட்டார். என் தலையெழுத்து.

மறுநாள் டீச்சர் வந்தார், அந்தப் பெண் வரவில்லை. "எங்க மேடம்?" என்றேன். "அவ அடுத்த வாரம் வருவா. மொதல்ல நான் கத்துக்கறேன்" என்று சொல்லி என் லைனில் ஒரு மேஜை முன்னால் நின்றுவிட்டார். ஒரு வாரம் தினமும் தன் வேலையை முடித்துவிட்டு வந்து இரண்டு மணி நேரம் ஷூவைப் பெட்டியில் போட்டுப் பழகினார். நாங்கள் கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை அது. வலது இடது சரியா, சைஸ் சரியா, முனையில் டிஷ்யூ பேப்பரைத் திணி, ஈரம் உறிஞ்சுகிற பாக்கெட்டைப் போடு, சுற்று, தலைமாற்றிப் படுக்க வை, மூடு. அவ்வளவுதான். அந்த அம்மா அதைப் பதினொரு வேலையாகப் பிரித்து, பதினொரு படம் வரைந்துகொண்டு வந்தார்.

சரி, முதல் படத்திலிருந்து ஆரம்பிப்பார் என்று பார்த்தால், கடைசியிலிருந்து ஆரம்பித்தார்! பத்து வேலையையும் மற்றவர்கள் செய்ய வேண்டும், அந்தப் பெண் மூடியை மட்டும் மூடுவாள். ஒரு வாரம் முழுக்க மூடி. எனக்கு மண்டை காய்ந்தது. "மேடம், மூடி மூடறதுக்கு ஒரு ஆளா?" என்று கத்தினேன். "மூடி மூடினா வேல முடிஞ்சுதுன்னு அவளுக்குத் தெரியுது இல்ல? தெனம் நூறு தடவ வேலய முடிக்கறா சார். அவ பொறந்ததுல இருந்து ஒரு வேலயையும் யாரும் அவள முடிக்க வுட்டதில்ல" என்றார். அடுத்த வாரம் படுக்க வைத்து மூடுவது. அதற்கடுத்த வாரம் சுற்றி, படுக்க வைத்து, மூடுவது. இப்படிப் பின்பக்கமாகவே நடந்து, மீதியை மளமளவென்று பிடித்துக்கொண்டு, ஒரு மாதத்தில் முழு வேலைக்கும் வந்துவிட்டாள். ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

டிஷ்யூ பேப்பரில் மட்டும் தகராறு. நாங்கள் அதைக் கசக்கி உருண்டையாக்கித் திணிப்போம். அவள் விரல்களுக்கு அந்த அழுத்தம் வரவில்லை. டீச்சர் அதைச் சப்பாத்தி மாதிரி சுருட்டித் திணிக்கச் சொல்லிக் கொடுத்தார். ஷூவுக்கு இரண்டும் ஒன்றுதான் என்று நானும் விட்டுவிட்டேன்.

டீச்சர் போட்ட சட்டம் இரண்டு. ஒன்று, யாரும் அவளைப் பாப்பா என்று கூப்பிடக் கூடாது. இரண்டு, அவள் மேஜையில் யாரும் கை வைக்கக் கூடாது. அவள் திணறினால் மனதுக்குள் இருபது வரை எண்ண வேண்டும், அப்புறமும் முடியாவிட்டால் வாயால் சொல்ல வேண்டும், கையால் இல்லை. எங்கள் லைனில் இருக்கிற மூத்த அக்கா ஒருவருக்கு இது பிடிக்கவே இல்லை. "கொழந்த மாதிரி கீது மேடம், பாவம்" என்றார். "அவளுக்கு இருபத்திரண்டு வயசு. கொழந்தன்னு சொன்னீங்கன்னா கொழந்தைக்கு இன்னா வேலன்னு மேனேஜர் அனுப்பிடுவாரு" என்று டீச்சர் எரிந்து விழுந்தார். அக்கா முகம் சுண்டிப்போனது. லைன் முழுக்க அன்று யாரும் டீச்சரோடு பேசவில்லை. எல்லோரையும் பகைத்துக்கொள்வதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எந்தக் கம்பெனி லைனிலும் உள்ள பழக்கம் இது. ஒருத்திக்கு உடம்பு முடியவில்லை, ராத்திரி பிள்ளைக்குக் காய்ச்சல், கை ஓடவில்லை என்றால், பக்கத்தில் இருக்கிறவர்கள் தாங்கள் முடித்ததில் நான்கு, ஐந்து அவள் பக்கம் தள்ளிவிடுவார்கள். யாரும் கேட்பதுமில்லை, சொல்வதுமில்லை. நாளைக்கு அது தனக்குத் திரும்பி வரும் என்று எல்லோருக்கும் தெரியும். எல்லா சூப்பர்வைசருக்கும் தெரியும், எல்லா சூப்பர்வைசரும் வேறு பக்கம் பார்ப்போம்.

இரண்டாம் மாதம் அவள் கணக்கு நூறில் நின்றது. பிறகு திடீரென்று நூற்றைம்பது ஆனது. நூற்றெண்பது. இருநூற்றுப் பத்து! எனக்கு ஒரே சந்தோஷம். சந்தோஷத்தில் எனக்குக் கண் தெரியவில்லை என்று சொன்னால் அது பொய். தெரிந்தது. மூத்த அக்காவின் கை மேஜைக்கு மேஜை போவது தெரிந்தது. நானும்தான் வேறு பக்கம் பார்த்தேன். பாவம், ஒரு பெண் பிழைத்துப் போகட்டுமே. இதில் என்ன தப்பு?

மூன்றாவது மாதம் முடிய நான்கு நாள் இருக்கும். கண்டெய்னர் வாசலில் நிற்கிறது. வெளிநாட்டு ஆர்டர், வாங்குகிறவர்களின் ஆள் காலையில் எல்லாவற்றையும் சோதித்துவிட்டு கேன்டீனில் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். அட்டைப்பெட்டிகளுக்கு டேப் ஒட்டி அடுக்கியாகிவிட்டது. அப்போது டீச்சர் வந்து லைனின் கணக்குப் பலகையில் எழுதியிருந்த எண்ணைப் பார்த்தார். அந்தப் பெண்ணைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "இவ பேக் பண்ண பெட்டிங்க எது?" என்றார். நானும் பெருமையாகக் காட்டினேன், முட்டாள் மாதிரி. ஒவ்வொரு மேஜையின் பெட்டிக்கும் தனி அடையாளம் போடுவோம்.

பையிலிருந்து ஒரு பிளேடை எடுத்தார். டேப்பை அறுத்தார். நான் ஓடிப்போய்ச் சேர்வதற்குள் மூன்று பெரிய பெட்டிகள் திறந்துவிட்டன. ஷூ பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திறந்து, ஷூவுக்குள் விரலை விட்டு டிஷ்யூவை வெளியே எடுத்தார். உருண்டை. உருண்டை. சுருள். உருண்டை. உருண்டைகளை ஒரு பக்கமும் சுருள்களை ஒரு பக்கமும் தரையில் போட்டுக்கொண்டே போனார். எனக்கு உயிரே போய்விட்டது. "மேடம்! இன்னா பண்றீங்க? கண்டெய்னர் நிக்குது! அந்தாளு சாப்ட்டு வந்துட்டான்னா என் வேல போய்டும்!" என்று அலறினேன். அவர் காதில் வாங்கவில்லை. ஐம்பது ஜோடி பிரித்த பிறகு நிமிர்ந்தார். "இருவத்தி ரெண்டு தான் இவ பண்ணது. மீதி உங்க இரக்கம்" என்றார்.

மூத்த அக்கா அழ ஆரம்பித்துவிட்டார். "நல்லதுக்குத் தானே மேடம் பண்ணோம்" என்றார். அந்தப் பெண் மட்டும் டீச்சர் பிரித்துப் போட்டதையெல்லாம் எடுத்து, ஒவ்வொன்றாகத் திரும்பப் பேக் பண்ணத் தொடங்கினாள். எல்லாவற்றையும் சுருட்டித்தான் திணித்தாள். நாங்கள் எல்லோரும் உட்கார்ந்து அரை மணியில் முடித்தோம். அந்த அரை மணி நேரத்தில் டீச்சரை நான் மனதுக்குள் திட்டிய திட்டை எழுத முடியாது.

அதோடு விட்டாரா? நேராக மேனேஜர் அறைக்குப் போனார். நான் பின்னாலேயே ஓடினேன். "மேடம், வேணாம். நாலு நாள் தான். இருநூறுன்னு எழுதினது எழுதினதாவே இருக்கட்டும். அவ பர்மனென்ட் ஆயிடுவா" என்று கெஞ்சினேன். கதவைத் திறந்தார். "சார், பலகையில இருக்கறது தப்பு. அவ பண்றது ஒரு நாளைக்குத் தொண்ணூறு, இல்ல நூறு. அதுதான் நெஜம்" என்று போட்டு உடைத்தார். மேனேஜர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, பதினைந்து வருட வேலையில் அப்படி நான் பார்க்கப்பட்டதில்லை. "அப்ப நம்ம பேச்சுப்படி ஆவலியே மேடம்" என்றார். "ரெண்டு மாசம் சேத்துக் குடுங்க. யாரும் கை வெக்காம. அப்பவும் ஒரு ஜோடி கம்மின்னா நானே கூட்டிக்கினு போய்டறேன், மறுபடியும் இந்த கேட்டுக்கே வரமாட்டேன்" என்றார் டீச்சர். மேனேஜர் யோசித்துவிட்டுச் சரி என்றார். அந்த அம்மா மறுபடி வரவே மாட்டார் என்பதற்காகவே ஒப்புக்கொண்டாரோ என்னவோ.

வெளியே வந்ததும் நான் வெடித்தேன். "உங்களுக்கு அந்தப் பொண்ணு முக்கியமா, உங்க ரூல் முக்கியமா? கையில வந்த வேலய நீங்களே தட்டி வுட்டுட்டீங்க!" என்றேன். அவர் பதிலுக்குக் கத்துவார் என்று பார்த்தேன். கத்தவில்லை. "ஸ்கூட்டில ஏறுங்க சார்" என்றார். எதற்கு ஏறினேன் என்று எனக்கே தெரியாது.

மாதனூர்ப் பக்கம் ஒரு தெருவுக்குக் கூட்டிப்போனார். ஒரு வீட்டு வாசலில் முப்பது வயதுப் பெண் ஒருத்தி தரையில் உட்கார்ந்து பீடி இலையை அடுக்கிக்கொண்டிருந்தாள். கழுத்தில் ஒரு கம்பெனி அடையாள டோக்கன், வேறு கம்பெனியுடையது, பிளாஸ்டிக் மஞ்சளாகிப் போயிருந்தது. அவளும் டீச்சர் சேர்த்துவிட்டவள்தான். அங்கேயும் லைனில் எல்லோரும் நல்லவர்கள், எட்டு மாதம் தாங்கினார்கள். சூப்பர்வைசர் மாறினார். புதியவர் அவளைத் தனி மேஜையில் போட்டுப் பார்த்தார். ஒரே வாரம், அனுப்பிவிட்டார்கள். "அவளுக்கு ஏன் அனுப்பினாங்கன்னே தெரியாது. தெனமும் இருநூறு பண்ணதா தான் நெனச்சுக்கினு கீறா. இன்னும் காலயில ஏழு மணிக்கு பஸ் ஸ்டாப்ல போய் நிப்பா. கம்பெனி பஸ் நிக்காம போவும். திரும்பி வந்துடுவா" என்று டீச்சர் சொன்னார். "அன்னிக்கு எனக்கும் பலகையில இருந்த நம்பர் பாத்து சந்தோஷம் தான் சார். நானும் வாய மூடிக்கினு தான் இருந்தேன்." அன்றைக்குத்தான், அந்த அம்மா என்னைத் திட்டும்போதெல்லாம் பாதி தன்னைத்தான் திட்டிக்கொள்கிறார் என்று எனக்கு உறைத்தது. ஆனாலும் பெட்டியைப் பிரித்தது பிரித்ததுதான், அதை நான் மன்னிக்கவில்லை.

அந்த இரண்டு மாதம் போல் நான் பட்டதில்லை. லைனுக்கே காவல்காரனாக நின்றேன். அக்காவின் கை நீளும்போதெல்லாம் இருமினேன். அந்தப் பெண் ஒரு ஷூவைக் கையில் வைத்துக்கொண்டு வலதா இடதா என்று பார்த்தபடி நிற்பாள். என் விரல் துடிக்கும். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவேன். பதினேழு, பதினெட்டில் அவளே வைத்துவிடுவாள். எனக்கு ரத்தக் கொதிப்பு வந்ததே அந்த இரண்டு மாதத்தில்தான் என்று என் மனைவி இன்றைக்கும் சொல்வாள். நூற்றிருபது. நூற்றறுபது. நூற்றறுபதிலேயே மூன்று வாரம். டீச்சர் வந்து மேஜையின் உயரத்தை நான்கு விரல் குறைக்கச் சொன்னார். குறைத்தோம். நூற்றெண்பது. கடைசி வாரத்தில் இருநூற்று மூன்று. மேனேஜர் தானே வந்து நின்று எண்ணிவிட்டு, "பேஜார் புடிச்ச அம்மா" என்று முணுமுணுத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

அதற்குப் பிறகாவது என்னை விட்டாரா? இன்னொரு பிள்ளை, இன்னொரு கம்பெனி, அங்கே யாரைத் தெரியும், இங்கே யாரிடம் சொல்வீர்கள் என்று தினமும் போன். இந்த ஓட்டத்தில் தன் காலைக் கவனிக்கவில்லை. சுகர் இருந்தது. பாதத்தில் ஒரு புண், அதில் ஒரு கட்டு, அதோடு ஸ்கூட்டியில் ஊர் ஊராக. "டாக்டர்கிட்ட காட்டுங்க மேடம்" என்றால் "வியாழக்கிழம போறேன்" என்பார். எந்த வியாழக்கிழமை என்று நானும் கேட்கவில்லை. அவர் கணவர் ஜோலார்பேட்டையில் ரயில்வே வேலை. "எனக்கு லீவு கெடச்சா அவளுக்குக் கெடைக்காது, அவளுக்குக் கெடச்சா அவ எடுக்க மாட்டா" என்று ஒரு நாள் என்னிடம் சலித்துக்கொண்டார். கடைசியில் வேலூருக்கு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டிருந்தது. நான்கு நாள்தான். ஊரில் இருக்கிற பிள்ளைகளுக்கெல்லாம் வேலையைப் பதினொன்றாகப் பிரித்துச் சொல்லத் தெரிந்த மனுஷிக்கு, ஒரு புண்ணுக்கு மருந்து போட நேரமில்லையாம். இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது.

அப்போது நான் ராணிப்பேட்டை யூனிட்டுக்கு மாற்றலாகி எட்டு மாதம். செய்தி காலையில் வந்தது, அடக்கம் மூன்று மணிக்கு. பழைய லைனின் புதிய சூப்பர்வைசருக்குப் போன் செய்தேன். "அந்தப் பொண்ணுகிட்ட சொல்ட்டேன் சார். அர நாள் பர்மிஷன் தர்றேன், போய்ட்டு வான்னேன். அழுதுச்சு. ஆனா டேபிள வுட்டு நவுரல" என்றார். நானோ வயிற்று வலி என்று ஒரு பொய்யைச் சொல்லி, என் வேலையை இன்னொருவர் தலையில் கட்டிவிட்டு, பதினொரு மணிக்கே கிளம்பிவிட்டேன்.

அடக்கம் முடிந்தது. எங்கெங்கிருந்தோ பிள்ளைகள் வந்திருந்தார்கள், அம்மாக்கள் வந்திருந்தார்கள். இவள் வரவில்லை. டீச்சர் வீட்டுத் தெருமுனையில் நின்று பொருமிக்கொண்டிருந்தேன். இவளுக்காக அந்த அம்மா எத்தனை பேரிடம் கெட்ட பேர் வாங்கினார்? ஒரு பிடி மண் போட வர முடியவில்லையா?

ஐந்தே காலுக்குக் கம்பெனி பஸ் வந்து நின்றது. வேலைக்குப் போடுகிற கம்பெனி நீலக் கோட்டைக்கூடக் கழற்றாமல் இறங்கினாள். நான் பாய்ந்தேன். "இன்னாம்மா இது? மணி இன்னா ஆவுது? டீச்சர பொதச்சாச்சு! இப்ப வர்ற?"

பதில் வர நேரமானது. கண் வீங்கியிருந்தது.

"காலயில ஒரு மணி நேரம் லைன் நின்னுபோச்சு சார். மூணு மணிக்கு நூத்தி நாப்பது தான் ஆச்சு."

"அதோட வர்றது தானே? உன்ன யாரு கேக்கப் போறா?"

"அக்கா போட்டுத் தர்றேன்னாங்க. நான் வாணான்ட்டேன்." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "இருநூறு முடிச்சிட்டு தான் சார் வந்தேன்."

என் கோபம் போகவில்லை, அது அவளை விட்டு டீச்சர் மேல் திரும்பியது. இப்படி ஒருத்தியைப் பழக்கி வைத்துவிட்டு, அவள் வந்து சேர்வதற்குள் மண்ணுக்குள் போய்ப் படுத்துக்கொண்டால் என்ன அர்த்தம்? இரண்டு மணி நேரம் இருந்து இதைக் கேட்டுவிட்டுப் போயிருக்கக் கூடாதா?

"வா, ஆட்டோ புடிக்கறேன். கல்லறத் தோட்டத்துக்குக் கூட்டிக்கினு போறேன்" என்றேன்.

"வழி சொல்லுங்க சார். நானே போறேன்" என்றாள்.

சொன்னேன். ஒரு முறை திருப்பிச் சொல்லிப் பார்த்துவிட்டு நடந்தாள். அவள் திரும்ப வேண்டிய இடத்தில் திரும்புகிறாளா என்று பார்க்கக்கூட முடியாமல், நடுத்தெருவில் நின்று வெட்கமில்லாமல் அழுதேன்.